அத்தியாயம் 7: நகர்ந்தது எது?

ரயில் நிலையத்தில் நம் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றிருக்கும். திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பெட்டிகள் நகரும். கிளம்பியது நம் வண்டியா அந்த வண்டியா என்று ஒரு நொடி புரியாது. கண் தானாக நடைமேடைத் தூணைத் தேடும். வோல்டேஜ் ரெஃபரன்ஸை அளக்க உட்காருகிறவருக்கு மாதக்கணக்கில் இதே நிலைதான். என்ன, தூண் மட்டும் பக்கத்தில் இருக்காது.

நான் முதன்முதலில் கட்டியது ஓர் எல்எம்399. அதை ஆறரை இலக்க மீட்டரில் மாட்டி ஒரு மாதம் பதிவு எடுத்தேன். கோடு அழகாகக் கீழே இறங்கியது. ரெஃபரன்ஸ் இறங்குகிறது என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தேன். வேறொரு வேலைக்காக மீட்டரின் மூடியைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது, அதற்குள்ளும் ஒரு எல்எம்399 உட்கார்ந்திருக்கிறது என்று. என் பெட்டி இறங்கியிருக்கலாம், மீட்டர் ஏறியிருக்கலாம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாம். ஒரு மாதப் பதிவில் எந்த விடையும் இல்லை.

விலை உயர்ந்த மீட்டர் வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. எட்டரை இலக்கத்துக்குப் பேர்போன ஹெச்பி 3458ஏ மீட்டரின் இதயம் ஓர் எல்டிஇசட்1000. அதை வைத்து உங்கள் எல்டிஇசட்1000ஐ அளந்தால், ஒரே குடும்பத்து இரண்டு பேரை ஒருவரையொருவர் விசாரிக்கச் சொன்ன மாதிரி. ரெஃபரன்ஸை யாரும் தனியாக அளப்பதில்லை. நம் கைக்குக் கிடைப்பது எப்போதும் இரண்டுக்கு நடுவிலான வித்தியாசம் மட்டுமே. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வித்தியாசத்தைச் சுத்தமாக எடுப்பதும், பிறகு பழியை யார் மேல் போடுவது என்று தீர்மானிப்பதும்தான்.

முதலில் எவ்வளவு சின்ன விஷயத்தைத் தேடுகிறோம் என்று பாருங்கள். எல்டிஇசட்1000 தருவது சுமார் 7.2 வோல்ட். 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையான பட்டையில் அதன் இரைச்சல், உச்சிக்கு உச்சி சுமார் 1.2 மைக்ரோவோல்ட் என்று தரவுத்தாள் சொல்கிறது. அதாவது 0.17 பிபிஎம். ஆறரை இலக்க மீட்டரின் 10 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் ஒரு படி மாறினாலே 10 மைக்ரோவோல்ட். தேடுகிற பொருளைவிட அளவுகோலின் ஒரு கோடு எட்டு மடங்கு தடிமன். திரையில் எண்கள் குதிப்பதைப் பார்த்து ரெஃபரன்ஸ் இரைகிறது என்று சொல்பவர்கள், தங்கள் மீட்டரின் இரைச்சலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரெதிரே கட்டுங்கள்

தீர்வு பழையது, எளியது. இரண்டு ரெஃபரன்ஸ்களின் மைனஸ் முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். மீட்டரை இரண்டு பிளஸ் முனைகளுக்கு நடுவே போடுங்கள். பெரிய வோல்டேஜ்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மீட்டருக்கு மிச்சம் மட்டும் போய்ச் சேரும்.

10 வோல்ட்டுக்குத் திருத்திவைத்த இரண்டு பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40 மைக்ரோவோல்ட். 34401ஏ போன்ற மீட்டரை 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் போட்டால் கடைசி இலக்கம் 0.1 மைக்ரோவோல்ட், 10 வோல்ட்டில் இது 0.01 பிபிஎம். மீட்டரின் அளவு வருடத்தில் 50 பிபிஎம் பிசகினாலும் 40 மைக்ரோவோல்ட்டில் அது வெறும் 2 நானோவோல்ட். மீட்டருக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் என்ன ஆட்டம் போட்டாலும் இனி நமக்குக் கவலையில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்டிஇசட்1000 வெறும் சில்லாக 7.0 முதல் 7.5 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். அப்படிப்பட்ட இரண்டைத் திருத்தாமல் எதிரெதிரே கட்டினால் வித்தியாசம் 40 மைக்ரோவோல்ட்டாக இருக்காது, 40 மில்லிவோல்ட்டாக இருக்கும். அப்போது அதே 50 பிபிஎம் பிசகு 2 மைக்ரோவோல்ட்டாகிவிடும். திருத்தி 10 வோல்ட்டுக்கு உயர்த்தலாம். ஆனால் உயர்த்தும் ரெசிஸ்டர்கள் தங்கள் பங்குக்கு நகரும். என்னைக் கேட்டால், அருகருகே மதிப்புள்ள சில்லுகளைப் பொறுக்கி ஜோடி சேர்ப்பேன்.

இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனி பேட்டரி கொடுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் ஒயர் இழுத்தால், சில்லுக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்னோட்டம் பொதுவான மைனஸ் ஒயர் வழியே ஓடி, மில்லியோம்களில் மைக்ரோவோல்ட்களை விதைக்கும். மீட்டரின் லோ முனையையும் கவனிக்க வேண்டும். அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கணிசமான கெப்பாசிட்டன்ஸ் உண்டு. மீட்டரின் அழுக்கு அந்த வழியாகத்தான் வெளியே கசியும். லோவை, இரண்டில் நிலையானது என்று ஏற்கெனவே தெரிந்த பெட்டியின் பக்கம் போடுங்கள். புதிதாகக் கட்டிய, தாங்கும் சக்தி தெரியாத பெட்டிக்கு ஹை முனை.

அடுத்தது திருப்புதல். ஒரு முறை அளந்ததும் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மறுபடி அளக்க வேண்டும். முதலில் +37.4, திருப்பிய பிறகு −36.6 மைக்ரோவோல்ட் என்று வந்தால், உண்மை வித்தியாசம் இரண்டுக்கும் இடைப்பட்ட 74.0இல் பாதி, 37.0. மீதி 0.4 மீட்டரின் பூஜ்யப் பிழையும் ஒயர்களில் ஊறிய வெப்ப மின்னழுத்தமும் சேர்ந்தது. அந்த 0.4ஐயும் தினமும் எழுதுங்கள். அது நேற்று 0.4, இன்று 1.9 என்றால் அன்றைய அளவையே கிழித்துப் போடலாம். ஏதோ ஒரு சந்திப்பு சூடாக இருக்கிறது.

செம்பும் காற்றும்

இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடங்கள் வேறு வேறு வெப்பநிலையில் இருந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி பிறக்கிறது. சுத்தமான செம்பும் செம்பும் என்றால் டிகிரிக்கு 0.2 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே. ஈயமும் தகரமும் கலந்த சாதாரண சால்டர் செம்போடு சேர்ந்தால் 1 முதல் 3. செம்புக்கும் துருவேறிய செம்புக்கும் நடுவே டிகிரிக்கு 1000 மைக்ரோவோல்ட் வரை! கறுத்துப்போன பழைய ஒயர் நுனியைச் சுரண்டாமல் முறுக்கிவிட்டு பிபிஎம்மில் பத்தில் ஒரு பங்கைத் தேடுவது வீண் வேலை.

இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது தடுக்கி விழும் இடம் ரெஃபரன்ஸின் கால்களேதான். எல்டிஇசட்1000, எல்எம்399 இரண்டும் உலோக மூடி போட்டவை. கால்கள் கோவார் என்ற கலவை உலோகம். கோவாரும் செம்பும் சேர்ந்தால் டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். இரண்டு காலும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். ஒரு கால் மற்றதைவிட 0.05 டிகிரி சூடாக இருந்தால் போதும், 2 மைக்ரோவோல்ட் பிழை. எல்டிஇசட்1000இன் முதல் ஆயிரம் மணி நேர நகர்வே அவ்வளவுதான்! உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருப்பதால் கால்கள் எப்போதும் சூடு. மேலே மின்விசிறிக் காற்று ஒரு பக்கம் பட்டால் கேட்கவே வேண்டாம்.

இதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். அளவு ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று மெல்ல ஊதுங்கள். திரையில் மைக்ரோவோல்ட்கள் எழும்பி, அரை நிமிடம் தள்ளாடி, பிறகு உட்காரும். இப்போது ரெஃபரன்ஸின் மேலும் போர்டின் அடியில் கால்கள் வரும் இடத்திலும் பஞ்சு வைத்து மூடி, மொத்தத்தையும் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, மறுபடி ஊதுங்கள். அதன் பிறகு டப்பா இல்லாமல் அளக்க மனம் வராது. தகரம் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் தடுக்கும். மூடி நன்றாக அழுந்தும் டப்பாவாகப் பாருங்கள்.

இணைப்புகளுக்கு நிக்கல் பூசிய பனானா பிளக் வேண்டாம். செம்பாலான கொக்கி முனையை, செம்பு முனையத்தில் திருகி இறுக்குங்கள். ஒயரைத் தொட்டால் கைச்சூடு இறங்கப் பத்து நிமிடம் காத்திருங்கள். திருப்புகிற வேலைக்கு ஸ்விட்ச் போடுவதாக இருந்தால் வெப்ப மின்னழுத்தம் குறைந்த ரகமாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கையால் திருப்பிக் காத்திருப்பதே மேல்.

இரைச்சல்

வித்தியாச முறை மெதுவான நகர்வுக்குச் சரி. 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் கட்டியாக வேண்டும். பெருக்கம் 10,000, அப்போது 1 மைக்ரோவோல்ட் ஸ்கோப்பில் 10 மில்லிவோல்ட்டாகத் தெரியும். டிசியைத் தடுக்க வாசலில் ஒரு கெப்பாசிட்டர். சிரமம் அந்தக் கெப்பாசிட்டரில்தான் இருக்கிறது.

0.1 ஹெர்ட்ஸ் வரை இறங்க, 1.2 கிலோஓம் ரெசிஸ்டருக்கு ஏறக்குறைய 1300 மைக்ரோஃபாரட் வேண்டும். கடையில் வாங்கிய எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றில் 1 மைக்ரோஆம்பியர் கசிகிறது என்று வையுங்கள். அது 1.2 கிலோஓமில் 1.2 மில்லிவோல்ட்; 10,000 மடங்கு பெருக்கினால் 12 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் கூரையில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், நீங்கள் இரைச்சலே இல்லை என்று மகிழ்வீர்கள். ஜிம் வில்லியம்ஸ் 2009இல் லீனியர் டெக்னாலஜிக்காக எழுதிய 775 நானோவோல்ட் இரைச்சல் பற்றிய குறிப்பில், கசிவு மிகக் குறைந்த டான்டலம் கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருப்பார். ஒரே பாகத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர். நமக்கு இரண்டு வழி உண்டு. சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கையே ரெஃபரன்ஸ் வோல்டேஜில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் கசிவு வெகுவாக இறங்கும். பத்து வாங்கினால் ஒன்றிரண்டு தேறும். இல்லையென்றால் 10 மைக்ரோஃபாரட் பிலிம் கெப்பாசிட்டரும் 160 கிலோஓமும் போட்டு, மின்னோட்ட இரைச்சல் குறைந்த ஜேஃபெட் ஆம்ப்ளிஃபையரை வாசலில் வையுங்கள். நான் இரண்டாவது கட்சி. பிலிம் கெப்பாசிட்டர் மூப்படைவதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை.

ரெஃபரன்ஸை இணைக்கும் நொடியில் முழு 7 வோல்ட்டும் கெப்பாசிட்டர் வழியே ஆம்ப்ளிஃபையரின் வாசலில் போய் அறையும். ஆம்ப்ளிஃபையர் பக்க முனையை ஒரு ஸ்விட்சால் தரையோடு குறுக்கிவைத்து, இணைத்து, சில நிமிடம் கழித்துத் திறங்கள். திறந்த பிறகும் ஒரு மணி நேரமாவது கோடு மெல்ல வழுக்கிக்கொண்டே வரும். அதற்குள் எடுத்த படத்தில் உச்சிக்கு உச்சி அளந்தால் வழுக்கலும் சேர்ந்துவிடும்.

முதலில் ரெஃபரன்ஸுக்குப் பதில் ஒரு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியை வைத்து அளந்து பாருங்கள். புதிய பேட்டரி ஜீனர்களைவிட அமைதியானது. அதில் வருவது உங்கள் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். வாசலைக் குறுக்கி அளப்பதைவிட இது நேர்மையானது, ஏனென்றால் கெப்பாசிட்டர் கசிவின் இரைச்சலும் இதில் தெரியும். பேட்டரியோடு 0.4, ரெஃபரன்ஸோடு 1.25 மைக்ரோவோல்ட் வந்தால் நேராகக் கழித்து 0.85 என்று எழுதாதீர்கள். இரைச்சல்கள் வர்க்கத்தில்தான் கூடும், வர்க்கத்தில்தான் கழியும்: 1.5625இல் 0.16 போக 1.4025, வர்க்கமூலம் 1.18. அதுதான் ரெஃபரன்ஸினுடையது.

ஒரு படம் பத்து நொடி. ஒரே படத்தை நம்பி முடிவு சொல்லக் கூடாது. இருபது படமாவது எடுத்துச் சராசரி போடுங்கள். தரவுத்தாளில் ஆர்எம்எஸ் மட்டும் இருந்தால் 6.6ஆல் பெருக்குங்கள், உச்சிக்கு உச்சி ஏறக்குறைய வரும். எண்ணைக் குறித்த பிறகு படத்தைக் கண்ணாலும் பாருங்கள். சில ஜீனர்களில் கோடு திடீரென்று ஒரு படி ஏறி, சில நொடி அங்கேயே தங்கி, பிறகு படக்கென்று இறங்கும். பாப்கார்ன் இரைச்சல் என்பது இதுதான். இருபது படத்தில் இரண்டில் மட்டும் வந்தால் சராசரியில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட சில்லை நான் மீட்டருக்குள் வைக்க மாட்டேன், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மூன்றாவது ஆள்

இரண்டு பெட்டி இருந்தால் வித்தியாசம் தெரியும், குற்றவாளி தெரியாது. மூன்று வேண்டும். அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். அளவு: அ−ஆ +37.0, ஆ−இ −112.3, இ−அ +75.2. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இங்கே வந்தது −0.1 மைக்ரோவோல்ட். அது உங்கள் கைப்பிழையின் அளவு. இந்தச் சுற்று மூடாத நாளில் மற்ற எண்களைப் பற்றிப் பேசாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆ−இ அப்படியே இருக்க, மற்ற இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு மாறியிருந்தால், நகர்ந்தது அ. சிதறலையும் இப்படியே பிரிக்கலாம். அ−ஆ, இ−அ இரண்டின் சிதறல் வர்க்கங்களைக் கூட்டி, ஆ−இயின் வர்க்கத்தைக் கழித்து, பாதியாக்கினால் அ பெட்டியின் தனிச் சிதறல் வர்க்கம் கிடைக்கும். விடை சில நேரம் மைனஸில் வரும். பதற வேண்டாம்; பதிவு போதவில்லை, அல்லது மூன்றும் ஒரே அறைச்சூட்டுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்று பொருள்.

எவ்வளவு நேரம் சராசரி எடுப்பது என்பதற்கு, டேவிட் ஆலன் 1966இல் அணு அதிர்வெண் தரங்களுக்காக எழுதிய கணக்கு உதவும். சராசரி நேரத்தைக் கூட்டக் கூட்டச் சிதறல் இறங்கும், ஓரிடத்தில் தட்டையாகும், பிறகு ஏறும். தட்டையான இடம் ரெஃபரன்ஸின் அடிப்படை இரைச்சல். ஏறும் இடம் நகர்வு. தட்டைக்குப் பிறகும் சராசரி எடுப்பது நேர விரயம்.

மூன்றும் ஒரே ரகம், ஒரே லாட் என்றால் மூன்றும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் போகலாம். வித்தியாசத்தில் ஒன்றும் தெரியாது. இதைப் பிடிக்க வெளியே இருக்கும் தூண்தான் வேண்டும்: ஜோசப்சன் சந்திப்பு. புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியாவின் வோல்ட்டை அதிலிருந்துதான் எடுக்கிறது. அந்தத் தூணும் ஒரு முறை நகர்ந்தது. 1990 முதல் உலகம் பயன்படுத்திய ஜோசப்சன் மாறிலிக்குப் பதிலாக 2019 மே 20 அன்று புதிய மதிப்பு வந்தது. எல்லா வோல்டேஜ் எண்களும் 0.107 பிபிஎம் ஏறின. 10 வோல்ட்டில் 1 மைக்ரோவோல்ட். அந்தத் தேதியைத் தாண்டி ஓடும் பழைய சான்றிதழ்கள் உங்களிடம் இருந்தால், அந்தப் படியைக் கழித்துவிட்டு வரைபடம் போடுங்கள்.

வருடக் கணக்கு

எல்டிஇசட்1000இன் நகர்வு, ஆயிரம் மணி நேரத்தின் வர்க்கமூலத்துக்கு 2 மைக்ரோவோல்ட். பலர் இதை வருடத்தின் 8.76 ஆயிரம் மணி நேரத்தால் பெருக்கி 17.5 என்று பயந்துவிடுகிறார்கள். 8.76இன் வர்க்கமூலம் 2.96, எனவே வருடத்துக்குச் சுமார் 6 மைக்ரோவோல்ட், 0.8 பிபிஎம். முதல் ஆயிரம் மணியில் 2 நகர்ந்தது, அடுத்த ஆயிரத்தில் 0.8தான் நகரும். புதிய சில்லின் முதல் இரண்டு மாதப் பதிவை வைத்து வருடக் கோடு இழுக்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

ஹீட்டர் வெப்பநிலையைப் பத்து டிகிரி குறைத்தால் மூப்பின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். குளிர்நாட்டு வரைபடங்களில் அதைத் துணிந்து குறைத்திருப்பார்கள். அப்படியே காப்பியடித்து, கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில் வைத்தால், டப்பாவின் உட்புறமே ஹீட்டர் வெப்பநிலையை நெருங்கிவிடும். ஹீட்டர் அணைந்து, கட்டுப்பாடு போய், ரெஃபரன்ஸ் வெறும் ஜீனராகிவிடும். உங்கள் ஊர் மே மாத மதியத்தில் டப்பாவுக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் பதினைந்து டிகிரியாவது இடம் விடுங்கள்.

பிளாஸ்டிக் மூடி ரெஃபரன்ஸ்களில் ஈரப்பதம் தனித் தலைவலி. மூடி ஈரத்தைக் குடித்து உப்பி, உள்ளே சில்லை நெரிக்கும். சில பிபிஎம் நகரும். அதுவும் உடனே நடக்காது, நாட்கணக்கில் பின்தங்கி வரும். சென்னையில் ஜூன் மாதம் பதிவைத் தொடங்கி டிசம்பரில் முடித்தால், வடகிழக்குப் பருவமழையை மூப்பு என்று எழுதிவிடுவீர்கள். உலோக மூடிக்கு இந்தத் தொல்லை இல்லை என்றாலும், போர்டு உப்பும். சுற்றிலும் பள்ளம் வெட்டிய போர்டு நெரிசலைக் குறைக்கும். எப்படியும் ஒரு முழு வருடம் பார்க்காமல் பிளாஸ்டிக் சில்லுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் அதே கோப்பில் பக்கத்துப் பத்தியில் பதிவாக வேண்டும்.

கரண்ட் போனால்? ஹீட்டர் குளிர்ந்து மறுபடி சூடானதும் ரெஃபரன்ஸ் பழைய இடத்துக்கே துல்லியமாகத் திரும்பாது. ஃப்ளூக் 732பி இதற்காகவே முன்பக்கத்தில் ஒரு விளக்கு வைத்திருக்கிறது. மின்சாரமும் பேட்டரியும் தீர்ந்து பெட்டி ஆறிவிட்டால் அது அணையும், மின்சாரம் வந்தாலும் தானாக எரியாது. உங்கள் பெட்டியிலும் இப்படி ஒன்று வையுங்கள். ஒரு ரிலே போதும்: ஒரு முறை விழுந்தால் பட்டனை அழுத்தும்வரை விளக்கு எரியாதபடி.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போதும் பேட்டரியில் எரிந்தபடியே போக வேண்டும். கிளம்பும் முன், வீட்டில் இருக்கும் மற்ற இரண்டோடும் ஒரு சுற்று அளந்து எழுதுங்கள். திரும்பி வந்து, ஹீட்டர் எரிந்தபடியே ஒரு நாள் அமைதியாக இருக்கவிட்டு மறுபடி ஒரு சுற்று. இரண்டும் ஒத்துப்போனால் சான்றிதழில் இருக்கும் எண் உங்கள் மூன்று பெட்டிகளுக்கும் பொருந்தும். ஒத்துப்போகாவிட்டால் பிழை பயணத்தில் நடந்தது, பெட்டி மறுபடி போக வேண்டும். காரில் போனால் டிக்கியில் வைக்காதீர்கள். மதியத்தில் அங்கே அடுப்பு மாதிரி கொதிக்கும். பின்சீட்டில், ஏசி காற்று நேராகப் படாத பக்கம், பெல்ட் போட்டு உட்காரவையுங்கள்.